புது ரிங் போட்டும் புகை நிற்கவில்லையா?

வண்டி நீலப் புகை தள்ளினால் உடனே "ரிங் போயிடுச்சு" என்று, பிஸ்டனைச் சுற்றியுள்ள அந்த வளையத்தை மாற்ற எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் புகைந்து, பிறகு அடங்கிவிட்டால் முதலில் வால்வு சீலை (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) பாருங்கள். ரிங் செலவே மிச்சமாகலாம்.

பிரித்தாகிவிட்டதா? போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளையை, அளக்காமல் ரிங் வாங்காதீர்கள். தேய்ந்து கோணலான போரில் எந்த ரிங்கும் ஒட்டி உட்காராது. அதற்கு லேத்தில் போரிங் போட்டு (துளையைக் கடைந்து பெரிதாக்கி), 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனோடு சேர்த்துத்தான் ரிங் மாற்ற வேண்டும். ஸ்டாண்டர்ட் போரில் ஓவர்சைஸ் ரிங்கை அராவித் திணிப்பது வேலையே அல்ல.

அதிகம் பேர் தாண்டிப் போவது ரிங் கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. கடையில் வாங்கியது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை! ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராக உள்ளே தள்ளுங்கள். பிறகு இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 25 மி.மீ. போருக்கு 0.1 மி.மீ. என்பது பொதுக்கணக்கு, ஸ்பிளெண்டரின் 50 மி.மீ. போருக்கு 0.2 வரும். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. கேப் குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் உடைந்து போரைக் கீறிவிடும். அராவுவதானால் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி மட்டும் இழுங்கள், பிசிறையும் எடுத்துவிடுங்கள்.

பிஸ்டன் காடியில் பழைய கரி இருந்தால் புது ரிங்கும் சிக்கிக்கொள்ளும். கரியைச் சுரண்டுங்கள், அலுமினியத்தை அல்ல. ரிங்கில் பொறித்த எழுத்து மேலே பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது ரிங்கைக் கவிழ்த்துப் போட்டால் ஆயிலை வழித்துக் கீழே இறக்காமல் மேலே ஏற்றும். மூன்றாவதான ஆயில் ரிங்கின் நடு ஸ்பிரிங் முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. மூன்று ரிங் கேப்பும் ஒரே கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஹோனிங் போட்ட (கல்லால் தேய்த்து மெல்லிய கோடுகள் போட்ட) இரும்புப் போரைப் பெட்ரோலில் துடைத்தால் போதாது; கல் தூள் கோடுகளிலேயே தங்கி, புது ரிங்கைத் தின்றுவிடும். வெள்ளைத் துணியில் கறை படாத வரை சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் ஆயில் தடவுங்கள்.

பூட்டியபின் மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவது பழைய பழக்கம். ரிங் போரோடு படிய மிதமான லோடு வேண்டும். ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முறுக்கிப் பிடிக்காதீர்கள். முழு சிந்தெடிக் ஆயிலை ரிங் படிந்த பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.