கோணல் சந்திப்புகளில் சமிக்ஞை விளக்கு நேரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் கொம்தார் கோபுரத்தின் பக்கம் பினாங்கு சாலை, மெக்காலிஸ்டர் சாலை, டத்தோ கிராமாட் சாலை, மெகசின் சாலை எல்லாம் கோணல்மாணலாக வந்து கூடுகின்றன. சதுரமான நாற்சந்திக்குப் போட்ட கணக்கை இப்படிப்பட்ட இடத்தில் அப்படியே வைத்தால் விபத்தும் நெரிசலும் சேர்ந்தே வரும். முதலில் மீட்டர், அப்புறம்தான் வினாடி.

ஆபத்தான தவறு, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியை உத்தேசமாக 2 வினாடி என்று வைத்துவிடுவது. மஞ்சளின் கடைசி நொடியில் நுழைந்த வண்டி, எதிர்வண்டியின் பாதையை முழுதாகத் தாண்ட வேண்டும். நாற்சந்தியில் அதற்கு 24 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நீளம் 6 மீட்டரையும் சேர்த்தால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 2.7 வினாடி ஆகும். ஐந்து முனைச் சந்திப்பில் அதே தூரம் 54 மீட்டராக நீண்டால் 5.4 வினாடி வேண்டும். அடுத்த பக்கத்து வண்டி அங்கே வந்துசேரும் நேரத்தை இதிலிருந்து கழிப்பது வழக்கம். நம் ஊரில் முன்வரிசையில் நிற்பவை மோட்டார் சைக்கிள்கள். பச்சை விழுந்த மறுகணமே பாய்ந்துவிடும். காரை மனத்தில் வைத்துக் கழிக்காதீர்கள்.

சில போக்குகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழும் முறையைக் கட்டம் என்பார்கள். எந்தக் கட்டத்துக்குப் பின் எது வருகிறதோ, அதற்கேற்ப இந்த இடைவெளியும் மாறும். ஐந்து கட்டங்களைச் சுற்றில் 24 விதமாக அடுக்கலாம். கடிகார வரிசையே போதும் என்று விட்டுவிடாமல், அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு இரண்டு கட்டங்களுக்கும் நடுவே வேண்டிய இடைவெளியைக் கணக்கிட்டு, மொத்தம் குறைவாக வரும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். சாலையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் சில வினாடிகள் மிச்சமாகும்.

முனைக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் கொடுப்பது அடுத்த தவறு. பிரிட்டிஷ் போக்குவரத்து ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-இல் தந்த சூத்திரப்படி, ஒரு சுற்றில் மொத்தமாக வீணாகும் நேரத்தை 1.5-ஆல் பெருக்கி 5 கூட்டி, ஒன்றிலிருந்து சுமை விகிதத்தை (ஒவ்வொரு கட்டத்திலும் வரும் வண்டிகளைத் தடம் அதிகபட்சம் விடக்கூடிய அளவால் வகுத்துக் கூட்டிய எண்) கழித்து வரும் எண்ணால் வகுத்தால் சுற்று நேரம், அதாவது எல்லாக் கட்டங்களும் ஒருமுறை வந்து முடியும் நேரம், கிடைக்கும். கட்டத்துக்கு 6 வினாடி வீணாகி, சுமை 0.7 என்றால், ஐந்து கட்டங்களுக்கு 167 வினாடி. மூன்று கட்டங்களுக்கு 107 வினாடிதான். கட்டங்களை ஒன்றாக இணைத்து எண்ணிக்கையைக் குறைத்தால் சுமை விகிதமும் பெரும்பாலும் குறையும். ஆகவே ஒன்றையொன்று வெட்டாத போக்குகளை ஒரே கட்டத்தில் விடுங்கள். வண்டி குறைவாக வரும் முனையை வெளியேறும் ஒருவழிப் பாதையாக்க முடியுமா என்றும் பாருங்கள்.

நெரிசலுக்கு மருந்து நீண்ட பச்சை என்று நம்புவதும் இங்கே பலிக்காது. அடுத்தடுத்த இரண்டு நிறுத்தக் கோடுகளுக்கு நடுவே 42 மீட்டர் இருந்தால், ஒரு தடத்தில் 7 கார்தான் நிற்கும். 2 வினாடிக்கு ஒரு கார் என்று 15 வினாடிக்குள் அது நிரம்பிவிடும். 40 வினாடி பச்சை கொடுத்தால் மிச்சக் கார்கள் சந்திப்பின் நடுவிலேயே நின்று மற்ற எல்லா முனைகளையும் அடைத்துவிடும். அடுத்த நிறுத்தக் கோட்டில் உள்ள விளக்கைச் சில வினாடிகள் முந்திப் பச்சையாக்குங்கள்.

வண்டிகளை நிறுத்தக் கோட்டில் எண்ணினால், நெரிசல் நேரத்தில் கிடைப்பது பச்சை விட்ட அளவே ஒழிய உண்மையான தேவை அல்ல. வரிசையின் வாலுக்குப் பின்னால் எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்துக்குத் தனித் திட்டம் வையுங்கள். பாதசாரிக் கோடு சாய்வாக இருந்தால் சாலை அகலத்தை அளக்காமல், நடக்கும் கோட்டையே அளந்து வினாடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிடுங்கள். 18 மீட்டருக்கு 15 வினாடி. முதியவர்கள் அதிகம் நடக்கும் சந்தைப் பக்கம் என்றால் 1 மீட்டர், அதாவது 18 வினாடி.