கொல்லையில் நாமே ஷெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லையில் தகர ஷெட் போட இறங்குகிறவர்கள் குழாய் எத்தனை, ஷீட் எத்தனை என்று கணக்கெழுதிக்கொள்கிறார்கள். எத்தனை கிலோவைக் கையால் சுமக்கப்போகிறோம் என்று எழுதுவதில்லை. முதல் தவறு அதுதான்.

ஆறு கால் ஷெட் என்று வையுங்கள். அடிக்கு அடி, இரண்டடி ஆழம் என்று ஆறு குழி தோண்டினால் 12 கன அடி. மண்ணே அரை டன்னுக்கு மேல். திரும்ப உள்ளே போகும் கான்கிரீட் 800 கிலோ வரும். இதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு குழி போதும்.

காய்ந்த மண்ணில் அப்படியே கடப்பாரையைப் போடாதீர்கள். நான் போட்டேன், ஒவ்வொரு குத்துக்கும் அதிர்வு மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஏறியது. ஒரு குழிக்கே காலைப்பொழுது போய்விட்டது. முந்தின சாயங்காலமே குறி போட்ட இடத்தில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் மண் இளகிவிடும். அப்புறம், கடப்பாரையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தூக்கி, அதன் கனத்திலேயே இறங்க விட வேண்டும். இறுக்கினால் உள்ளங்கை கொப்புளித்துவிடும், மறுநாள் மண்வெட்டியைத் தொட முடியாது.

அடுத்தது கலவை. 50 கிலோ சிமெண்ட் மூட்டையை மொத்தமாகக் கொட்டி, 1:2:4 கணக்கில், அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணலும் நாலு பங்கு ஜல்லியும் போட்டு, தண்ணீரும் சேர்த்தால் ஏறக்குறைய 400 கிலோ ஆகிவிடும். தனியாளாகக் கிளறி, பாண்டில் சுமந்து கொட்டுவதற்குள் இறுக ஆரம்பிக்கும். கை ஓயும்போது இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கத் தோன்றும். அங்கேதான் ஷெட் காலின் பலம் போகிறது. கால்வாசி மூட்டையாகப் பிரித்துக் கலக்குங்கள். செருப்புக் காலோடு கலவையில் நிற்கவே வேண்டாம். ஈரச் சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும். பூட்ஸ், கையுறை இரண்டும் வேண்டும்.

வெயில் காலத்தில் பதினொன்றுக்கு நிறுத்தி, மூன்றரைக்கு மேல் தொடருங்கள். பக்கத்தில் உப்புப் போட்ட மோர் இருக்கட்டும்.

12 அடி நீளம், 0.45 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷீட் ஒன்று சுமார் 15 கிலோதான். கனம் குறைவு என்று தனியாக ஏற்றாதீர்கள். காற்றடித்தால் பாய்மரம்போல் ஆளையே இழுக்கும், விளிம்பு கத்திபோல் அறுக்கும். கீழே இருவர், மேலே ஒருவர் இருக்க வேண்டும். மேலே இருப்பவர் ஸ்க்ரூ வரிசையில், அதாவது அடியில் குழாய் ஓடும் இடத்தில் மட்டுமே கால் வைக்கலாம். ஆடி மாதத்தில் விடியற்காலையிலேயே ஏற்றிவிடுங்கள். நடுவில் காற்று எழுந்தால், மீதி ஷீட்களைத் தரையில் அடுக்கி மேலே கல் வைத்துவிட்டு வேலையை மறுநாளைக்குத் தள்ளிவிடுங்கள்.