பழைய சிறுமியர் மன்றப் படத்துக்கு ஆண்டு கண்டுபிடிக்க

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எடுத்த சிறுமியர் மன்றப் படம் கையில் இருக்கிறது, ஆண்டுதான் தெரியவில்லை என்றால் முதலில் பதாகையைப் படியுங்கள். ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்னும் இளம் கிறித்தவப் பெண்கள் சங்கத்தின் சிறுமியர் மன்றமான 'கேர்ள் ரிசர்வ்ஸ்' 1946-இல் 'ஒய்-டீன்ஸ்' ஆனது. பழைய பதாகையைச் சில காலம் வைத்திருந்திருக்கலாம். அதனால் இது குறிப்பு மட்டுமே. பின்புற முத்திரையில் 'அட்லாண்டா 3' என்பதுபோல் ஊர்ப்பெயருக்குப் பின் ஓரிரு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால், 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டதாகக் கொள்ளலாம். ஐந்திலக்க அஞ்சல் குறியீடு 1963-இல்தான் வந்தது.

மன்றப் பொறுப்பாளர் பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அன்றைய செய்தித்தாள்கள் 'மிசஸ்' போட்டுக் கணவர் பெயரையே அச்சிட்டன. நகர முகவரிப் புத்தகத்தில் அந்தக் கணவர் பெயரைத் தேடுங்கள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மனைவியின் பெயர் இருக்கும். முன்பின் ஆண்டுப் பதிப்புகளையும் ஒப்பிடுங்கள், குடும்பங்கள் வீடு மாறியிருக்கும்.

இனப்பிரிவினைக் காலம் என்பதால் கறுப்பினச் சிறுமியர் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் பில்லிஸ் வீட்லி கிளையில் கூடினர். வெள்ளையர் நாளிதழ்களை மட்டும் புரட்டிவிட்டு 'மன்றமே இல்லை' என்று முடிவுகட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. 1928-இல் தொடங்கிய 'அட்லாண்டா டெய்லி வேர்ல்ட்' கறுப்பினத்தவர் நடத்திய நாளிதழ். அதன் சமூகச் செய்திப் பக்கங்களை வரிவரியாகப் பாருங்கள்.