ஒரே தேதியில் நடந்த போர் நிகழ்வுகள்: தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் எங்கள் வாசகசாலைப் பலகையில் 'இதே நாளில்' எழுதும் வேலையை இப்போது இளையவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். போர் நிகழ்வுகளைத் தேதிவாரியாக அடுக்கும்போது, இருபது வருடத்துக்கு முன் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழையும் ஆண்டு மாறிப்போவதும் யார் கண்ணிலும் பட்டுவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிகாரத்தைப் பார்க்காமல் தேதி எழுதுவது

போன டிசம்பரில் ஒரு தம்பி எழுதி வந்தார்: "டிசம்பர் 7, 1941: பெர்ல் ஹார்பர் தாக்குதல். மறுநாள் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர்." படித்ததும் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. நானும் இதையேதான் எழுதினேன், அதுவும் அச்சில். ஒரு கண்காட்சிக்காக 500 துண்டறிக்கைகள். கிளந்தானிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, எங்க ஊர்லதானே ஜப்பான்காரன் முதல்ல இறங்கினான்?" என்று கேட்டார். அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பெர்ல் ஹார்பர் இருக்கும் ஹவாயில் தாக்குதல் தொடங்கியது காலை 7.48க்கு. அப்போது ஹவாய் நேரம் கிரீன்விச்சுக்குப் பத்தரை மணி பின்னால். மலாயா நேரம் ஏழரை மணி முன்னால். இடைவெளி 18 மணி நேரம். அப்படியென்றால் அந்த நொடியில் இங்கே டிசம்பர் 8, அதிகாலை 1.48. கிளந்தானின் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கத் தொடங்கியதோ, நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆவதற்குள். மறுநாள் இல்லை, அதற்கு முந்தியே! நடுவில் ஓடும் தேதிக்கோடுதான் வரிசையைத் தலைகீழாகக் காட்டுகிறது.

மிச்சமிருந்த துண்டறிக்கைகளைக் கிழித்துவிட்டு என் சொந்தக் காசில் மறுபடி அச்சடித்தேன். காசு போனது பெரிதில்லை. அதற்குள் நூறு பிள்ளைகளாவது பழையதைப் பள்ளிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். நம் கரையில் நடந்ததை ஹவாய்க்குப் பின்னால் தள்ளிப் படித்திருப்பார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

அதனால் எந்த ஊர் நேரம் என்பதைத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 1945இல் ஜெர்மனி சரணடைந்ததும் இப்படித்தான்: மத்திய ஐரோப்பிய நேரப்படி மே 8 இரவு 11 மணி தாண்டி அமலுக்கு வந்தது, மாஸ்கோவில் அப்போது மே 9 பிறந்துவிட்டது. மேற்கு ஐரோப்பாவில் 8, ரஷ்யாவில் 9. இரண்டும் சரி.

எந்த நாட்காட்டி என்று கேட்காமல் விடுவது

ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனை நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டது, அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே வந்து ரஷ்யாவின் ஷெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் 13 நாள் பின்தங்கியிருந்ததால், அவர்கள் கணக்கில் அது அக்டோபர் 15. இரண்டு தேதியையும் தனித்தனி நிகழ்வாகப் பலகையில் ஏற்றிவிடாதீர்கள்.

ஒரே தேதி என்பதால் தொடர்பு தேடுவது

அக்டோபர் 21இல் டிரஃபால்கர் கடற்போரும் (1805) சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த சுதந்திர இந்திய அரசும் (1943) வரும். பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 'ஆகவே' போடாதீர்கள்.

'போர் முடிந்த நாள்'

ஆகஸ்ட் 15, 1945 ஜப்பான் சரணடைவதாக அறிவிப்பு. செப்டம்பர் 2 கையெழுத்து. எது என்று சொல்லுங்கள்.

'பினாங்கு வீழ்ந்த நாள்'

டிசம்பர் 11, 1941 அன்று ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. ஜப்பானியப் படை வந்து ஊரைப் பிடித்தது 19ஆம் தேதி.