பழைய சதுப்புக் காட்டை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் வடபகுதிகளில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் பீட் மண்ணில் (ஈரத்தில் முழுதாக மட்காத தாவரங்கள் சேர்ந்து உண்டான மண்) வேரூன்றி நிற்கும் சதுப்புக் காடுகள் உண்டு. ஒவ்வொன்றும் பரப்பில் சிறியதுதான். ஆனால் பாசி, லைக்கன் (பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் பூஞ்சை-பாசிக் கூட்டுயிர்), பூஞ்சை என்று எண்ணத் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். காரணம் கேட்டால் "பழைய காடு, ஈரமான காடு, வேறென்ன?" என்பார்கள். இந்தப் பதிலை அப்படியே நம்புவதால்தான் பல தவறுகள் வருகின்றன.

சதுப்பு என்றால் எங்கும் ஒரே ஈரம் என்று நினைப்பது முதல் தவறு. மரத்தடியில் பீட் மேடிட்டு ஓரளவு உலர்ந்திருக்கும். அங்கே புளூபெர்ரிச் செடியும் மேட்டுநிலப் பாசிகளும் வளரும். ஓரடி தள்ளினால் தண்ணீர் தேங்கிய பள்ளம், அதில் ஸ்பேக்னம் பாசி. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் ஸ்ப்ரூஸின் வேர் ஆழமாக இறங்காது. பலமான காற்றில் மரம் வேரோடு சாய்ந்தால் நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு, அதன் அடியில் ஒரு குழி, கிடக்கும் அடிமரம் என்று ஒரே மரத்தால் மூன்று புதிய இடங்கள் உருவாகின்றன. அப்புறம், ஸ்ப்ரூஸ் நாற்றே பள்ளத்தில் பிழைப்பது கடினம். ஸ்பேக்னம் அதை மூடி வளர்ந்துவிடும். மட்கும் அடிமரமும் மேடும்தான் அதற்கு நாற்றங்கால். இடையில் ஒரு ஆஸ்பென் மரமோ வில்லோ மரமோ இருந்தால், ஸ்ப்ரூஸின் அமிலப் பட்டையில் ஒட்டாத லைக்கன்களுக்கும் இடம் கிடைத்துவிடும். இத்தனையும் சில மீட்டருக்குள். காட்டின் நடுவில் நாலு சதுரம் போட்டு அளந்துவிட்டு வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது வயதைப் பற்றியது. இந்தக் காடுகளைத் தீ தொட்டதே இல்லை, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இடையூறின்றி இருந்ததால்தான் இங்கே இனங்கள் செழித்தன என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். 1990-களில் ஸ்வீடனில் பீட் படிவுகளைத் துளைத்து எடுத்து, உள்ளே இருந்த கரித்துகளையும் மகரந்தத்தையும் ஆராய்ந்தபோது படம் மாறியது. சில காடுகள் நெடுங்காலம் எரியாமல் இருந்தன. வேறு சில பலமுறை எரிந்திருந்தன. எரிந்திருந்தாலும் இனவளம் அதிகமாக இருக்க முடியும் என்பது தெரிந்தது. பழைமையைவிட, இன்று காட்டுக்குள் என்னென்ன வாழிடங்கள் இருக்கின்றன என்பதே அதிகம் விளக்குகிறது.

சரி, அப்படியானால் வெட்டிவிட்டு அதே அமைப்பை உருவாக்கிக்கொள்ளலாமே என்று கிளம்புவது இதைவிடப் பெரிய தவறு. ஒரு ஸ்ப்ரூஸ் பருமனாக நூறாண்டுக்கு மேல் ஆகலாம். அது விழுந்தபின், அந்தக் குளிரில் மட்கி முடிய இன்னும் பல பத்தாண்டுகள். வயதுக்கு மதிப்பு இந்த வழியில்தான் வருகிறது.

செத்த மரங்களை அகற்றிக் காட்டைச் "சுத்தம்" செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்லாந்தின் காட்டு இனங்களில் 20 முதல் 25 சதவீதம் ஏதோ ஒரு வகையில் பட்டமரத்தை நம்பியவை. நின்றபடி பட்டுப்போன ஸ்ப்ரூஸின் பட்டைக்கடியில்தான் மூவிரல் மரங்கொத்தி வண்டுகளைத் தேடுகிறது. ஆனால் பட்டமரத்தின் மதிப்பு தெரிந்தவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள்: எத்தனை கனமீட்டர் என்று மட்டும் பார்ப்பது. ஒரே புயலில் விழுந்த மரங்கள் எல்லாம் ஒரே கட்டத்தில் மட்கும். புதிதாக விழுந்தது, பட்டை உரிந்தது, கத்தி எளிதில் இறங்கும் அளவுக்கு மென்மையானது, பாசி மூடியது என்று எல்லாக் கட்டங்களும் அடுத்தடுத்து இருந்தால்தான், பழைய கட்டை தீர்ந்துபோகும்போது ஒரு பூஞ்சைக்குப் போக வேறு இடம் இருக்கும்.

காட்டுக்குள் கோடாரி விழவில்லை, அதனால் பாதுகாப்பாக இருக்கிறது என்ற நிம்மதியும் ஏமாற்றும். எல்லைக்கு வெளியே வெட்டிய ஒரு வடிகால் போதும், நீர்மட்டம் இறங்க. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் இருந்த வேறுபாடு குறைந்து, ஸ்பேக்னத்தின் இடத்தை வறண்ட காட்டுப் பாசிகள் பிடிக்கும், மரங்கள் நெருங்கி நிழல் அடரும். மரம் வளர்ப்பதற்காகப் பின்லாந்து தன் பீட் நிலங்களில் ஏறக்குறைய பாதியை, சுமார் 50 லட்சம் ஹெக்டேரை, இப்படி வடித்திருக்கிறது.

இங்கேதான் இன எண்ணிக்கையை மட்டும் நம்புவது ஆபத்து. வடித்த தொடக்கத்தில் எண்ணிக்கை அதிகரிக்கவும் வாய்ப்புண்டு. எங்கும் வளரும் செடிகள் உள்ளே வரும், சதுப்பை விட்டால் வழியில்லாதவை இன்னும் முழுதாகச் சாகவில்லை. எத்தனை என்பதோடு எவை என்றும் எழுதிவையுங்கள். பூச்செடிகள் செழிப்பாக இருப்பதை வைத்து பூஞ்சையும் லைக்கனும் அப்படித்தான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஒவ்வொன்றும் வேறு வேறு வாழிடத்தைப் பார்க்கிறது. கோடையில் ஒருமுறை போய்வந்து பூஞ்சைப் பட்டியல் போடுவதும் வீண். பல இனங்கள் இலையுதிர் காலத்தில்தான் கண்ணில் படும், அதுவும் எல்லா ஆண்டும் அல்ல.