பவர் பெட்ரோல் போடலாமா, சாதாவே போதுமா?

கிருஷ்ணகிரியில் பங்க்குக்குள் நுழைந்ததுமே "பவர் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள், நாமும் நல்லதுதானே என்று தலையாட்டிவிடுவோம், லிட்டருக்குச் சில ரூபாய் சத்தமில்லாமல் ஏறியிருக்கும். அதற்கு முன் பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையோ, வண்டியோடு தந்த புத்தகத்தையோ ஒருமுறை பாருங்கள். உங்கள் வண்டிக்கு எத்தனை ஆக்டேன் பெட்ரோல் வேண்டும் என்று அதில் இருக்கும்.

ஆக்டேன் என்பது இன்ஜினின் சக்தியைச் சொல்லும் எண் இல்லை. இன்ஜினுக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது பெட்ரோல் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்கிற கணக்கு, அவ்வளவுதான். ஒரு காலத்தில் 88 ஆக இருந்த சாதா பெட்ரோல் பிறகு 91 ஆனது, இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவது 95. குடும்பத்தோடு போகிற சின்னக் காருக்கு இதுவே தாராளம் (என் பழைய வண்டிக்கு ரெண்டு டேங்க் பவர் ஊற்றிப் பார்த்தேன், மைலேஜ் அசையவில்லை).

டர்போ வண்டி, புத்தகத்திலேயே கூடுதல் ஆக்டேன் கேட்கிறது என்றால் அது வேறு கதை, கஞ்சத்தனம் வேண்டாம். அப்புறம், சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் முழு லோடோடு 'டக டக' என்று இன்ஜின் தட்டினால் முதலில் ஒரு கியர் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.