குழாயும் பெரியப்பாவும்: பாப் பர்ன்ஸ் பாணியில் ஊர்க்கதை சொல்வது எப்படி

கோவில்பட்டி பக்கம் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடையில் மைக் கிடைத்தால் விடமாட்டேன். கொஞ்சம் மிமிக்ரி, நாலு ஊர்க்கதை, அவ்வளவுதான் நம்ம சரக்கு. மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கதைகளைப் போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் விட ஆரம்பித்தேன். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்த அதே ஆட்கள், ஒரு வரிகூடப் பதில் போடவில்லை. நான் முழிப்பதும், வேட்டியை மடித்துக் கட்டுவதும் காதுக்குக் கேட்காதே!

வெறும் குரலை வைத்துப் பட்டிக்காட்டுக் கதை சொல்லிப் பிழைத்தவர்கள் என்னதான் செய்தார்கள் என்று தேடப் போய், பாப் பர்ன்ஸ் என்கிற அமெரிக்கரிடம் மாட்டினேன். அவர் கதை ஒரு பிளம்பிங் கடையில் தொடங்குகிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

1890-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது வான் பியூரன் என்ற சின்ன ஊர். 1905 வாக்கில் அந்த ஊர்ப் பிளம்பிங் கடையில் பையன்கள் கூடி வாத்தியம் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது, கிடந்த கேஸ் குழாயை எடுத்து இவர் ஊத, அது விநோதமாகக் கத்தியிருக்கிறது. அப்புறம் நீட்டிச் சுருக்க உள்ளே ஒரு குழாய், நுனியில் ஒரு புனல் என்று சேர்த்து அதற்குப் ‘பசூக்கா’ என்று பெயர் வைத்தார். அந்த ஊர்க் கொச்சையில் ‘பசூ’ என்றால் வாய். நாம் வாய்ச்சவடால் என்கிறோமே, அந்த மாதிரி. முதல் உலகப் போரில் மரைன் படையில் சேர்ந்தபோதும் ஜாஸ் குழுவில் இதை வைத்து ஊதியிருக்கிறார். பிறகு பல வருஷம் மேடை மேடையாக அலைச்சல்தான். 1935-இல் நியூயார்க் வானொலியில் பேர் கிடைத்தபோது வயசு 45-ஐத் தொட்டுவிட்டது. 1936 முதல் 1941 வரை பாடகர் பிங் கிராஸ்பியோடு, ஒரு பாலாடைக்கட்டிக் கம்பெனி நடத்திய வியாழக்கிழமை வானொலி நிகழ்ச்சியில். ஒரு பக்கம் கிராஸ்பி பாடுவார். நடுவில் இவர் வந்து மாமா ஃபட், தாத்தா ஸ்னாசி என்று தன் சொந்தபந்தத்தின் கதையை இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு, குழாயை எடுத்து ஊதுவார். எனக்கு வேண்டியது இந்த இடம்தான்.

முதலில் கதை. குழாய் அப்புறம்.

சொந்தத்தில் ஓர் ஆளைப் பிடியுங்கள். பர்ன்ஸ் செய்த கெட்டிக்காரத்தனம், கோமாளித்தனத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல் மாமா தலையில் போட்டது. சொல்கிற ஆள், ஊரில் நடந்ததை நடந்தபடி சொல்கிற நல்ல மனுஷன். நாம் செய்கிற தப்பு நேர் எதிர். பட்டிக்காட்டான் என்றதும் குரலைக் கோணலாக்கி, “என்னங்கோ” என்று இழுத்து, நாமே முட்டாள் வேஷம் போட்டுவிடுகிறோம். கேட்கிறவருக்கு முதல் நிமிஷத்திலேயே இது நடிப்பு என்று தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். எங்கள் பக்கத்துப் பேச்சே போதுமான அளவு வளைந்துதான் இருக்கிறது, மேற்கொண்டு வளைக்க வேண்டாம்.

நான் பிடித்தது என் பெரியப்பாவை. முதலில் இப்படிப் பதிந்தேன்: “எங்க பெரியப்பா ஒரு கிடா வளத்தாரு, அது பஸ் டைம் பாத்து வீட்டுக்கு வரும், அவ்வளவு அறிவு!” ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை முதல் வரியிலேயே கொட்டிவிட்டேன், அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டாம் தடவை இப்படி:

“எங்க பெரியப்பாகிட்ட ஒரு கிடா இருந்துச்சு. கறுப்புக் கிடா, வலது காதுல மட்டும் வெள்ளை. அத ஆறாயிரத்துக்குக் கேட்டாங்க, குடுக்கல. இல்ல, ஐயாயிரத்து ஐநூறு… சரி, அது கெடக்கு. சாயந்தரம் அஞ்சு நாப்பது டவுன் பஸ் புளியமரத்து ஸ்டாப்புல நின்னு கிளம்புனாத்தான் அது வீட்டுக்குத் திரும்பும். ஒருநாள் பஸ் பஞ்சராகி ஏழரைக்குத்தான் வந்துச்சு. கிடா அசையல. பெரியப்பா கிடாவ ஒரு வார்த்தை சொல்லல. நேரா கண்டக்டர்கிட்ட போய், ‘ஏம்ப்பா, நேரத்துக்கு வரக் கூடாதா, ஒரு ஜீவன் பட்டினி கெடக்குல்ல’ன்னாரு. போன ஐப்பசியில அந்த டிரிப்பையே நிறுத்திட்டாங்க. இப்ப பெரியப்பா கட்டிலும் ஸ்டாப்புலதான் கெடக்கு.”

இதில் பொய் ஒன்றே ஒன்று, கிடாவுக்குப் பஸ் நேரம் தெரியும் என்பது. மற்றதெல்லாம் நிஜமாக இருக்கட்டும்: வெள்ளைக் காது, புளியமரம், அஞ்சு நாப்பது, பஞ்சர். நிஜம் கூடக் கூட அந்த ஒரு பொய் நன்றாகச் சாய்ந்து உட்காரும். ஆறாயிரமா ஐயாயிரத்து ஐநூறா என்று தடுமாறுவதைப் பாருங்கள், கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் விலையில் இவ்வளவு நியாயம் பார்க்கிறவன் கிடா விஷயத்தில் பொய் சொல்வானா என்று கேட்கிறவர் மயங்குகிறார். இப்படி ஒரு கிளைப்பாதை போதும். இரண்டு வைத்தால் போனை மூடிவிடுவார்கள்.

கடைசி வரியை வேகமாகச் சொல்லாதீர்கள், உரக்கவும் சொல்லாதீர்கள். முக்கியமாக, நீங்கள் சிரிக்கவே கூடாது. நான் இதில் இன்னும் தேறவில்லை. கட்டில் வந்ததும் தொண்டை அடைத்துவிடும், எட்டு தடவை பதிந்தால் ஒன்று தேறும்.

பதியும்போது போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், இல்லையென்றால் ‘ப’வெல்லாம் பட்டாசாக வெடிக்கும். ஃபேனை நிறுத்துங்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

இனி குழாய். கதை முடிந்ததும் கேட்கிறவர் சிரிக்க ஓர் இடம் வேண்டும். மேடையில் கூட்டம் அதைக் கொடுக்கும், போனில் வெறும் மௌனம்தான். பர்ன்ஸுக்குப் பசூக்கா அந்த வேலையைச் செய்தது என்று நினைக்கிறேன். செலவும் பெரிதில்லை.

25 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர், 20 மி.மீ. குழாய் ஒரு மீட்டர், மண்ணெண்ணெய் ஊற்றுகிற சின்ன பிளாஸ்டிக் புனல் ஒன்று. வாய் வைப்பது பெரிய குழாயில். ஆக்சா பிளேடால் அறுத்த முனையை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேயுங்கள், உதடு கிழியும் விஷயம் இது. சின்னது பெரியதற்குள் ஓடும், ஆனால் லொடலொடவென்று ஓடும், காற்று கசியும். டெஃப்லான் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன், பத்து இழுப்பில் நார் நாராக வந்துவிட்டது. தையல் நூலை உள் குழாயின் முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, மேலே வாசலைன் தடவுங்கள். இறுக்கமாகவும் இருக்கும், வழுக்கிக்கொண்டும் போகும். உள் குழாயின் வெளி முனையில் புனலைச் செருகி எம்-சீல் வைத்துவிட்டு ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

அந்த ஒரு ராத்திரியைத்தான் நான் விடவில்லை. மச்சான் கல்யாண வரவேற்பில், அன்று காலையில் ஒட்டிய புனலோடு மேடை ஏறினேன். இரண்டாம் ஊதலிலேயே புனல் கழன்று முன் வரிசையில் இருந்த கல்யாணப் பெண்ணின் தாத்தா மடியில் போய் விழுந்தது. கதைக்கு வராத சிரிப்பு அதற்கு வந்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

ஊதுவது நாதஸ்வரம் போல இல்லை, சீவாளி கிடையாது. உதடுகளை மூடி, ‘ப்ர்ர்’ என்று அதிரவிட்டு அந்த அதிர்வைக் குழாய்க்குள் அனுப்புங்கள். குழாய் நீண்டால் சத்தம் தாழும். ஒரு மீட்டர் நீளத்தை ஒன்றரையாக இழுத்தால் கணக்குப்படி பஞ்சமத்திலிருந்து சட்ஜமம் வரை இறங்கும். நடைமுறையில் உதடு எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே. சினிமாப் பாட்டெல்லாம் வராது, ஆசைப்படாதீர்கள். மாடு கத்துவதும், பஸ் மேடு ஏறுவதும் பிரமாதமாக வரும். கிடாக் கதைக்கு நான் வைத்திருப்பது பஸ். பதியும்போது போனை நாலடி தள்ளி வைத்துவிட்டு ஊதுங்கள், கிட்டத்தில் வைத்தால் வெறும் கரகரப்புதான் பதியும்.

வீடியோ எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்ன்ஸ் 1936-இல் ‘ரிதம் ஆன் தி ரேஞ்ச்’, மறு வருஷம் ‘வைக்கிக்கி வெட்டிங்’ என்று கிராஸ்பி படங்களில் நடித்தார், 1938-இல் ஆஸ்கர் விழாவையே தொகுத்து வழங்கினார். அந்தக் காலத்தில் அவர் பெரிய ஆள்தான். ஆனாலும் எனக்கு அவர் குரல்தான். மாமா ஃபட்டைக் கண்ணால் பார்க்காதவரைக்கும் அவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாயலில் இருப்பார். என் பெரியப்பாவையும் அதனால்தான் நான் படம் பிடிக்கவில்லை. (அவர் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.)

இன்னொரு எச்சரிக்கை: ‘பசூக்கா’ என்று இணையத்தில் தேடினால் ஆயுதமாக வந்து கொட்டும். 1942-இல் அமெரிக்கப் படைக்கு வந்த டாங்கி எதிர்ப்பு ராக்கெட் குழல், பார்க்க இவர் வாத்தியம் மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. என் பையன் மொபைல் கேமில் தினமும் பசூக்கா வைத்து யாரையாவது சுடுகிறான். அப்பா கையில் இருப்பதுதான் ஒரிஜினல் என்று சொன்னால் நம்ப மறுக்கிறான்.

கடைசியில், பதிவை ஊருக்கே அனுப்பும் முன் ஒரே ஓர் ஆளுக்கு அனுப்பிப் பாருங்கள், உங்கள் ஊரைத் தெரியாத ஆளாக. “நல்லா இருக்கு” என்று வந்தால் திரும்பப் பதியுங்கள். சாத்தூரில் எனக்குக் குழாய் சப்ளை செய்கிறவருக்கு நான் அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் சரக்கு இறக்க வந்தபோது கேட்டார்: “அண்ணாச்சி, அந்தக் கிடா இப்ப என்ன விலை போகும்?”